ஆப்பில் போட்டால் மிச்சம்தான்: எங்கள் டிக்கெட் கடை வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கும்பகோணத்தில் மகாமகக் குளத்துக்குப் பக்கத்தில் 22 வருஷமாகக் கடை வைத்திருக்கிறோம். உங்களில் பலருக்கு என் பெயர்கூடத் தெரியாது, டிக்கெட் கடைக்காரர் என்றால்தான் தெரியும். உங்கள் பிள்ளைகள் சென்னைக்குப் படிக்கப் போனது, பேத்தியைப் பார்க்க நீங்கள் சிங்கப்பூர் போனது எல்லாம் எனக்கு நினைவில் இருக்கிறது. அந்தப் பழக்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

மூன்று வாரமாக ஒரு வாய்ஸ் மெசேஜ் நம் தெரு வாட்ஸ்அப் குரூப்களில் சுற்றுகிறது. என் மைத்துனருக்கே மூன்று இடத்திலிருந்து வந்துவிட்டது. அதில் இரண்டு குற்றச்சாட்டு. ஒன்று, போனிலேயே குறைந்த செலவில் போடக்கூடிய டிக்கெட்டை ஜனங்களுக்குச் சொல்லாமல் மறைத்து நாங்கள் பிழைக்கிறோம் என்பது. இரண்டாவது, கேன்சலான டிக்கெட்டின் பணத்தை விழுங்கிவிட்டோம் என்பது. முதலாவதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். இரண்டாவதைக் கேட்ட அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

நடந்தது இதுதான். ஆயுத பூஜை லீவில் சென்னை போக ஒரு குடும்பம் தட்கல் (கிளம்புவதற்கு முந்தின நாள் போடுகிற அவசர முன்பதிவு) கேட்டது, நாலு பேர், ஸ்லீப்பர். தட்கலில் ஏஜெண்டுகளுக்கு முதல் அரை மணி நேரம் கிடையாது. 2025 ஜூலையிலிருந்து ஏ.சி. வகுப்புக்கு 10 மணி முதல் 10.30 வரையும், ஸ்லீப்பருக்கு 11 மணி முதல் 11.30 வரையும் எங்கள் லாகின் திறக்காது. ஆதார் சரிபார்த்த சொந்தக் கணக்கு வைத்திருப்பவர்கள்தான் அந்த நேரத்தில் ஆன்லைனில் போட முடியும். பயணிகளுக்கு நல்ல விதிதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் லீவு நாளில் உழவன் எக்ஸ்பிரஸ் மாதிரியான சென்னை ரயில்களில் 11.30க்கு என்ன மிச்சம் இருக்கும்? வெயிட்டிங்தான் கிடைத்தது. "வெயிட்டிங்தாங்க, உறுதி இல்லை" என்று சொல்லித்தான் போட்டோம். சார்ட் (யாருக்கு எந்த சீட் என்ற கடைசிப் பட்டியல்) வந்தபோதும் நாலு பேரும் வெயிட்டிங்கிலேயே இருந்ததால் டிக்கெட் தானாகக் கேன்சலாகிவிட்டது. இப்படி ஆனால் தலைக்கு 60 ரூபாய் பிடிப்பார்கள், நாலு பேருக்கு 240. மிச்சம் திரும்பி வரும்.

அந்த மிச்சம் எப்படி வருகிறது என்பதை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏஜெண்ட் போட்ட டிக்கெட் கேன்சலானால், டிக்கெட் போடும்போது கொடுத்த போன் நம்பருக்கு, ரயில் டிக்கெட்டை ஆன்லைனில் விற்கிற ஐ.ஆர்.சி.டி.சி.யிலிருந்து ஒரு ஓ.டி.பி. வரும். எவ்வளவு பணம் திரும்புகிறது என்பதும் அந்த மெசேஜிலேயே இருக்கும். அந்த எண்ணை வாடிக்கையாளர் எங்களிடம் சொல்லி, நாங்கள் எங்கள் லாகினில் போட்டால்தான் பணம் எங்கள் கணக்குக்கு வரும். வந்ததை உங்கள் கையில் கொடுப்போம். ஏஜெண்ட் பணத்தை அமுக்கிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே 2019 அக்டோபரில் கொண்டுவந்த ஏற்பாடு இது. அதாவது, நீங்கள் எண்ணைச் சொல்லாதவரை அந்தப் பணத்தை நான் நினைத்தாலும் தொட முடியாது. தொடவே முடியாத பணத்தை விழுங்கினேன் என்று ஊர் முழுக்கச் சொன்னால் மனசு என்ன பாடுபடும்?

அந்த வீட்டில் போன் பாட்டியிடம் இருந்திருக்கிறது. ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதே என்று பேரன் சொல்லிவைத்திருந்ததால், மெசேஜைப் பார்த்ததும் மோசடி என்று அழித்துவிட்டார். அந்த அம்மா செய்ததில் ஒரு தப்பும் இல்லை, இந்தக் காலத்தில் அப்படித்தான் இருக்க வேண்டும். தப்பு எங்கள் பக்கம்தான். இப்படி ஒரு மெசேஜ் வரும் என்று முன்கூட்டியே நாங்கள் போன் செய்து சொல்லியிருக்க வேண்டும். ஒன்பது வருஷமாக எங்கள் கவுண்டரில் இருந்த பெண்தான் வெயிட்டிங் டிக்கெட் வைத்திருக்கும் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுச் சொல்லுவார். கல்யாணமாகி அவர் கோயம்புத்தூர் போய் நாலு மாதம் ஆகிறது. அந்த இடத்துக்கு இன்னும் ஆள் அமையவில்லை. ஒற்றை ஆளாக கவுண்டரையும் போனையும் பார்த்துக்கொண்டதில் அந்த வேலை விட்டுப்போய்விட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

சரி, முதல் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். போனில் போட்டால் மிச்சமா? மிச்சம்தான். எங்கள் கடைக்கு வந்து கேட்டவர்களிடம் இதை எப்போதும் மறைத்ததில்லை. கேட்காதவர்களுக்கும் இப்போது சொல்கிறேன்.

ரயில் டிக்கெட்டை ஐ.ஆர்.சி.டி.சி.யில் சொந்தக் கணக்கு வைத்து யு.பி.ஐ.யில் கட்டினால் ஏ.சி. இல்லாத வகுப்புக்கு 10 ரூபாய், ஏ.சி.க்கு 20 ரூபாய், அதற்கு ஜி.எஸ்.டி. அவ்வளவுதான் கட்டணம். கார்டிலோ நெட் பேங்கிங்கிலோ கட்டினால் 15, 30. எங்களிடம் வந்தால் எங்கள் கட்டணமாக 20 அல்லது 40 ரூபாய் கூடும். அது டிக்கெட்டுக்குத்தான், தலைக்கு அல்ல. கணக்கில் ஆதாரைச் சேர்த்துவிடுங்கள். தட்கலுக்கு அது கட்டாயம், அதோடு மாதம் 12 டிக்கெட் என்ற வரம்பும் 24 ஆகும். இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் முன்பதிவு திறக்கிறது. பொங்கலுக்குப் போகிறவர்கள் நாளைக் கணக்குப் பண்ணி, அன்று காலை 8 மணிக்கு முன்பே லாகின் பண்ணித் தயாராக இருங்கள். பெரியவர்களுக்குப் போடும்போது வயதைச் சரியாகப் போட்டு லோயர் பெர்த் கேளுங்கள். 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கும் 45க்கு மேற்பட்ட பெண்களுக்கும் அதில் தனி ஒதுக்கீடு இருக்கிறது. முதியோர் கட்டணச் சலுகை 2020 மார்ச்சிலேயே நின்றுபோனது. அதை நாங்கள் வேண்டுமென்றே போடவில்லை என்று இன்றும் சிலர் கோபித்துக்கொள்கிறார்கள், எங்கள் லாகினில் அப்படி ஒரு வசதி இல்லை.

தஞ்சாவூருக்கும் மயிலாடுதுறைக்கும் தினமும் போகிற ஆசிரியர்களும் மாணவர்களும் கவுண்டர் வரிசையில் நிற்கவே வேண்டாம். ரயில்வேயின் ரயில்ஒன் ஆப்பில் முன்பதிவில்லாத டிக்கெட்டை எடுத்துக்கொள்ளலாம். அந்த ஆப்பிலேயே இருக்கிற ஆர்-வாலட்டில் பணம் போட்டு வைத்து, அதிலிருந்து டிக்கெட் எடுத்தால் 3 சதவீதம் சலுகை கிடைக்கும். ஒரு நாளுக்கு அது சில்லறைதான், தினமும் போகிறவருக்கு வருஷத்தில் நல்ல தொகை. வீட்டிலிருந்து கிளம்பும்போதே எடுத்துவிடுங்கள். வண்டி ஏறிய பிறகு எடுக்கலாம் என்று நினைத்து மாட்டினால் டிக்கெட் காசோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம்.

சென்னையில் இறங்கிய பிறகு போகிற காசுதான் அதிகம். நம் ஊர் பஸ்கள் இப்போது கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தோடு நின்றுவிடுகின்றன. விடிகாலையில் பெட்டியோடு இறங்கி, முதலில் கேட்கிற ஆட்டோவில் ஏறினால் பஸ் டிக்கெட்டைவிட அதிகமாகக் கொடுக்க வேண்டியிருக்கும். 2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் ஆப்பில் மாநகரப் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட் எடுக்கலாம். மெட்ரோவில் க்யூ.ஆர். டிக்கெட்டுக்கு 20 சதவீதம் தள்ளுபடி இருக்கிறது. ஆட்டோதான் வேண்டும் என்றால் இரண்டு மூன்று ஆப்பில் விலை பார்த்துவிட்டுப் போடுங்கள். அதில் நம்ம யாத்ரியும் ஒன்றாக இருக்கட்டும், அங்கே டிரைவரிடம் கமிஷன் பிடிப்பதில்லை.

ஆனால் ஆப் என்றாலே குறைந்த விலை என்று நம்பிவிடாதீர்கள். இது என் பிழைப்புக்காகச் சொல்வதல்ல. முதல் பக்கத்தில் ஒரு விலை இருக்கும், பணம் கட்டும் பக்கத்தில் கன்வீனியன்ஸ் கட்டணம், இன்சூரன்ஸ், ஃப்ரீ கேன்சலேஷன் என்று ஏதாவது ஏறியிருக்கும். நாம் கேட்காமலே டிக் போட்டு வைத்திருப்பதும் உண்டு. போன மாதம் ஒரு வாடிக்கையாளர் திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு மூன்று டிக்கெட் போட்டுவிட்டு வந்து காட்டினார். லக்கேஜ் சேர்க்காத டிக்கெட் அது. அப்பளமும் வடகமும் மகளுக்குக் கொண்டுபோகிற ஜனங்கள் நாம், ஏழு கிலோ கைப்பையோடு எப்படிப் போவது? தனியாக லக்கேஜ் வாங்கியதில் மிச்சம் எல்லாம் போய்விட்டது. விமானத்துக்கு ஏதாவது ஒரு ஆப்பில் விலையை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அதே நாளுக்கு அந்த விமான நிறுவனத்தின் சொந்த ஆப்பையும் திறந்து பாருங்கள். லக்கேஜோடு சேர்ந்த கடைசித் தொகை எதில் குறைவோ அதில் போடுங்கள். ஆம்னி பஸ்ஸுக்கும் இதே வழிதான். அரசு பஸ்ஸுக்கு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் டி.என்.எஸ்.டி.சி. ஆப்பே போதும்.

இவ்வளவும் சொன்ன பிறகு எங்களிடம் எதற்கு வர வேண்டும் என்று கேட்பீர்கள். போனில் போடத் தெரிந்தவர்கள் வர வேண்டியதில்லை, தாராளமாக நீங்களே போடுங்கள். கண் தெரியாத பெரியவர்கள் இருக்கிறார்கள். பதினைந்து பேராகக் காசிக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் தடவை விமானம் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் கடையைத் திறந்து வைத்திருக்கிறேன். வாடகையும் கரண்டும் ஏறியிருப்பதால் பஸ், விமான டிக்கெட்டுகளுக்குச் சேவைக் கட்டணம் 1ஆம் தேதி முதல் ஆளுக்கு 30லிருந்து 50 ரூபாய் ஆகிறது, ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை இருக்காது.

அந்த மெசேஜ் வந்த மறுநாள் காலையில் வெற்றிலை மண்டிக்காரர் ஒருவர் வந்தார். டிக்கெட் எதுவும் கேட்கவில்லை. "நாங்க இருக்கோம்ல" என்று சொல்லிவிட்டு, ஒரு காபி வாங்கிக்கொடுத்துவிட்டுப் போனார். ரிட்டயரான ஒரு தமிழாசிரியை தன் குரூப்பில் எனக்காக எவ்வளவு பேசினார் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். போனிலேயே போடத் தெரிந்தும், பழகிய கடை என்பதற்காக இன்றும் படியேறி வருகிற உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. கொரோனா சமயத்தில் ரயிலே ஓடாத மாதங்களில்கூட நீங்கள்தான் விசாரித்தீர்கள். அதை நான் மறக்க மாட்டேன்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். இந்த நாலு மாதத்தில் எங்களிடம் போட்ட டிக்கெட் கேன்சலாகி, பணம் கைக்கு வராதவர்கள் யாராவது இருந்தால் போனோடு கடைக்கு வாருங்கள். போனில் யார் கேட்டாலும், நான் பேசுவதாகச் சொன்னாலும்கூட, ஓ.டி.பி.யைச் சொல்ல வேண்டாம். கவுண்டரில் என் முன்னால் சொன்னால் போதும். மெசேஜை அழித்திருந்தாலும் பரவாயில்லை, டிக்கெட் நம்பர் இருந்தால் மேற்கொண்டு ஆக வேண்டியதை நான் பார்த்துக்கொள்கிறேன். அந்தக் குடும்பத்துக்குச் சேர வேண்டிய பணத்தை என் கையிலிருந்தே எடுத்து, கவரில் போட்டுக் கல்லாவில் வைத்திருக்கிறேன். எண் வந்தாலும் வராவிட்டாலும் அது அவர்களுடையதுதான். பாட்டியையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் டிக்கெட் கடைக்காரர்,
மகாமகக் குளம் அருகில், கும்பகோணம்