கச்சான் காற்றைத் தாங்கிய கோயில் வேம்பு: ஒரு நன்றி மடல்

அன்பான ஊரவர்களுக்கும், வெளிநாட்டில் இருக்கும் எங்கள் உறவுகளுக்கும்,

எங்கள் கண்ணகை அம்மன் கோயில் முன்றலில் வேப்பங்கன்றை நட்டது போன ஐப்பசியில். அன்றைக்கே நன்றி மடல் எழுதச் சொன்னார்கள். நாங்கள்தான் பொறுக்கச் சொன்னோம். மாரியில் நட்டால் எந்தக் கன்றும் தளிர்க்கும். எங்கள் எழுவான்கரையின் கடலோர மணலில், வைகாசிக்குப் பிறகு வீசும் வறண்ட கச்சான் காற்றையும் அது தாங்கினால்தான் பேச்சு. இப்போது ஆவணியும் போய்விட்டது, கன்று நிற்கிறது. சரி, இனி எழுதலாம்.

முதல் நன்றி, முன்றலில் முன்பு நின்ற பழைய வேம்பை வெட்டக் கூடாது என்று சண்டை பிடித்தவர்களுக்கு. "1978 சூறாவளிக்குள்ள தென்னையெல்லாம் முறிஞ்சு கிடக்கக்குள்ள நிண்ட மரம் மனே இது" என்று எங்கள் பெத்தாமார் (பாட்டிமார்) மறித்து நின்றிருக்காவிட்டால், ஒரு கிளை விழுந்த மறுநாளே வாள் வந்திருக்கும். அவர்களுக்காகத்தான் மரம் தெரிந்த ஒருவரைக் கூட்டி வந்தோம். அடிமரத்தில் தட்டுத் தட்டாகக் காளான் பிடித்திருந்தது. அவர் செருகிய கம்பி தடையில்லாமல் உள்ளே போனது. உள்ளே முழுக்கக் கோறை, வெறும் பொந்து. மரம் சாய்ந்திருந்ததோ பாலர் பாடசாலைப் பக்கம். அதைக் கண்ணால் பார்த்த பிறகு பெத்தாமாரே சொன்னார்கள்: "அப்ப வெட்டுங்க. ஆனா விதை எடுத்து வச்சிட்டு வெட்டுங்க."

அந்த விதைகளைப் பொறுப்பெடுத்த தங்கைக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. வேப்பம் விதையை நெல்லைப் போல மூட்டை கட்டி வைக்க முடியாது, சில கிழமைகளிலேயே முளைக்கும் சக்தி குறைந்துவிடும். அவர் பழுத்து உதிர்ந்ததைப் பொறுக்கி, சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, உடனே பைகளில் போட்டார். கோறை விழுந்த மரத்தின் விதையில் நோய்க் கன்றுதான் வரும் என்று ஒரு கதை அடிபட்டது. மரத்தை உளுக்க வைத்த காளான் விதை வழியாகப் போவதில்லை. கதை சொன்னவர்களும் இப்போது வந்து கன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

மரத்தை வெட்டிய நாளில் மின்சாரத்தை நிறுத்தித் தந்தவர்கள், கயிறு கட்டிக் கிளை கிளையாக இறக்கிய தம்பிமார், வீதியை மறித்து நின்ற இளைஞர்கள் எல்லோருக்கும் நன்றி. ஒரு ஓடுகூட உடையவில்லை.

அப்புறம் அடிக்குற்றி. இந்த வேலையை யாரும் படம் எடுக்கவில்லை. உளுத்த கட்டையும் மரத்தூளும் மண்ணுக்குள் கிடந்தால், அவை மக்கும்போது மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், புதுக் கன்று மஞ்சளடித்துப் போகும். மண் தோண்டும் பெக்கோ இயந்திரத்துக்கான வாடகையை வெளிநாட்டு உறவுகள் அனுப்பினார்கள். பெயர்ப்பலகை வைக்கவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார்கள். நல்லது, கன்றைவிடப் பலகை பெரிதாக இருந்திருக்கும்! பெக்கோ தம்பி குற்றியைக் கிளப்பினார். எட்டாத வேர்களை நம் ஆட்கள் மண்வெட்டியும் கோடரியுமாக நின்று எடுத்தார்கள். பழைய மண்ணை அள்ளிவிட்டு, வாவிக்கு மேற்கே வயல் பக்கமான படுவான்கரையிலிருந்து ஒருவர் உழவு இயந்திரத்தில் கொண்டுவந்து தந்த வயல் மண்ணையும் மக்கிய மாட்டெருவையும் நிரப்பினோம். மண்டபத்தின் கீழே ஓடிய வேர்களை எடுக்க முடியாது என்பதால், கன்றைப் பழைய இடத்திலிருந்து கொஞ்சம் வடக்கே தள்ளி நட்டோம்.

மேசன் அண்ணனைத் தனியாகச் சொல்ல வேண்டும். முன்றல் முழுக்க இன்டர்லொக் கல் பதித்தால் அழகு என்று சபையில் பேச்சு வந்தது. கூலி கிடைக்கிற வேலைதான். ஆனாலும் அவரே எழும்பி, "வேருக்குத் தண்ணியும் காத்தும் போக வேணும், மரம் பெருக்கும்போது கல்லையும் தூக்கும்" என்று சொல்லித் தன் வேலையைத் தானே குறைத்துக்கொண்டார். கன்றைச் சுற்றி அகலமாக மண்ணாகவே விட்டிருக்கிறோம். கட்டாக்காலி மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் பயந்து, இரும்பு ஒட்டும் ஒட்டுக்கடைத் தம்பி இரும்புக் கூடு செய்து தந்தார். காசு வாங்கவில்லை.

இனித் தண்ணீர் ஊற்றியவர்கள். கன்று நட்ட அன்று கூட்டம் நிறைய. வைகாசிக்குப் பிறகு காற்று மண்ணை வறுத்தபோது வாளியோடு வந்தவர்கள் ஏழெட்டுப் பேர்தான், பெரும்பாலும் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும். மேலே தெளித்துவிட்டுப் போகாமல், ஆழத்துக்கு இறங்கும்படி மெதுவாக ஊற்றினார்கள். ஈரம் நிற்கத் தேங்காய்ப் பொச்சை (மட்டையை) பரப்பினார்கள், அதுவும் தண்டில் முட்டாமல். இந்த மடலே உண்மையில் அவர்களுக்குத்தான்.

வைகாசிச் சடங்கில் அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திக்கு வேப்பிலை கொடுத்த வீடுகளுக்கும் நன்றி. இன்னும் சில வருடங்களுக்கு உங்கள் வளவுக்குத்தான் வருவோம், கன்றில் ஒரு கொத்தும் ஒடிக்க விடமாட்டோம்.

பெக்கோ வாடகை போக மீதியான பணம் கோயில் கணக்கில் இருக்கிறது, கணக்குப் புத்தகத்தை யாரும் பார்க்கலாம். அடுத்த கச்சானுக்குத் தண்ணீர் முறை போடுகிறோம். வாளி கோயிலிலேயே இருக்கிறது, வர விரும்புகிறவர்கள் கோயில் நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கரிடம் பெயர் கொடுங்கள்.

இப்படிக்கு,
கோயில் பரிபாலன சபையினர்
மட்டக்களப்பு