வாசகசாலை ஆண்டறிக்கை, 2024-25

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு ஐந்து முறை கூடியது. பொங்கல் கோலப்போட்டியும் கொடியேற்றமும் வழக்கம்போல நடந்தன. ஒழுகிய ஓடுகள் மாற்றப்பட்டன.

அப்புறம் மின்னாக்கம். அலமாரியிலுள்ள பழைய நூல்களை ஸ்கேன் செய்வதென்று சென்ற பொதுக்குழு முடிவெடுத்தது. யார் செய்வது என்று முடிவெடுக்காததால் அது என் தலையில் விழுந்தது. ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தினால் பழைய கட்டு முறிந்துவிடும். ஆகவே கேமராவை மேலே ஸ்டாண்டில் பொருத்திப் பக்கம் பக்கமாகப் படமெடுக்கிறோம். (எடுக்கிறோம் என்பது மரியாதைக்கு.) படத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள் இருக்கிறது. ஆனால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில், யானைத் துதிக்கைபோல் வளைந்த கொம்பு போட்ட பழைய 'லை'யையும் 'ணை'யையும் கண்டால் அது தடுமாறுகிறது. வரிவரியாக ஆள் உட்கார்ந்துதான் திருத்த வேண்டும்.

ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கடந்து பதிப்புரிமை முடிந்த நூல்களையும் நாட்டுடைமையானவற்றையும் மட்டுமே இணையத்தில் ஏற்றினேன். "தாத்தா எழுதியது, நானே அனுமதி தருகிறேன்" என்ற உறுப்பினரிடம், உரிமையில் பங்குள்ள அவருடைய அத்தைகளின் கையெழுத்தும் வேண்டும் என்றேன். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை.

"புத்தகம்தான் பத்திரமாக இருக்கிறதே, எதற்கு இந்த வேலை?" என்றும் கேட்டார்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின. வேறு படியே இல்லாத ஏடுகளும் அதில் உண்டு. ஈழத்து நூல்களை மின்னாக்கும் 'நூலகம்' திட்டம் 2005 முதல் நடக்கிறது. நமக்குத் தீ வேண்டாம், கரையானே போதும்.

உதவப் பெயர் கொடுத்தவர்கள் 14 பேர். முதல் ஞாயிறு ஆறு பேர் வந்து செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். ஆடிக்குப் பிறகு நானும் ஒரு பள்ளி மாணவியும்தான்.

பாதிக்கு மேற்பட்டோர் சந்தா பாக்கி. மின்கட்டணம் ஏறியதற்கு என் ஸ்கேன் வேலைதான் காரணம் என்று வாட்ஸ்அப்பில் எழுதியவரும் அதில் அடக்கம்.

வரவும் செலவும் ஏறக்குறைய சரி. சிறு குறைச்சலுக்குக் கைமாற்றாக நான் போட்டிருக்கிறேன். விவரம் பொருளாளர் ஊரிலிருந்து திரும்பியதும் கிடைக்கும். ஓடு மாற்றியவர்களுக்கும், கடன் சொல்லாமல் தேநீர் கொடுத்த கடைக்காரருக்கும், அந்த மாணவிக்கும் நன்றி.

வரும் ஆண்டு பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். எடுத்த படங்கள் அத்தனையும் ஒரே ஹார்ட் டிஸ்கில் இருக்கின்றன. அது பழுதானால் எல்லாம் போச்சு. இன்னொரு படி வேறு வீட்டில் இருக்க வேண்டும். பாக்கிச் சந்தா வந்தாலே ஒன்று வாங்கிவிடலாம். எனக்குச் சித்திரையில் கண்புரை அறுவை. கடவுச்சொல்லை உறையிலிட்டுத் தலைவரிடம் கொடுத்திருக்கிறேன். உறையைப் பிரிக்க யாராவது ஞாயிறு காலை பத்து மணிக்கு வந்தால் சரி.

செயலாளர்