நகரச் சங்கக் காரியக்காரர்களுக்கு: சாமான் நோட்டை காலண்டரில் ஏற்றுங்கள்

வணக்கம் அண்ணன்மார்களே. சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். நம் நகரத்தார் சங்கக் கிட்டங்கியில், அதாவது சாமான் அறையில், இருக்கும் கிடாரம், அண்டா, ஜமக்காளம், ஜெனரேட்டர், குளிர்பெட்டி எல்லாம் எந்தத் தேதியில் வெளியே போகின்றன, எப்போது திரும்புகின்றன என்பதை இனி ஒரு நோட்டில் மட்டும் எழுதி அலமாரியில் பூட்டி வைக்காமல், ஊர்க்காரர் யாரும் எங்கிருந்தும் பார்க்கிற மாதிரி கூகுள் காலண்டரில் போடுங்கள்.

போன வைகாசியில் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு வீட்டாருக்கும் பெரிய கிடாரங்களைத் தருவதாக வாக்குக் கொடுத்தாகிவிட்டது. ஒரு வீட்டார் நேரில் வந்து நோட்டில் எழுதியவர்கள், இன்னொரு வீட்டார் கோலாலம்பூரிலிருந்து போனில் சொல்லி, "சரி, பார்த்துக்கொள்கிறோம்" என்ற பதிலை நம்பியிருந்தவர்கள். முதல் நாள் சாயங்காலம் சமையல்காரர் அடுப்பு மூட்டக் காத்திருக்க, பெண் வீட்டு ஆட்கள் காரைக்குடியில் வாடகைப் பாத்திரக் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். முகூர்த்த நாள் ஆயிற்றே, அங்கே மட்டும் பாத்திரம் சும்மாவா இருக்கும்? அந்தக் கல்யாணம் எப்படியோ நடந்துவிட்டது. ஆனால் அந்த இரண்டு வீட்டாரும் இன்னும் சரியாக முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை. இரண்டு பேர் மீதும் ஒரு குற்றமும் கிடையாது என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

இது திரும்பவும் நடக்கத்தான் செய்யும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, மற்ற மாதங்களிலும் நல்ல முகூர்த்தம் சில நாட்கள்தான், அதிலும் வெளிநாட்டுப் பிள்ளைகளின் லீவுக்கு ஒத்து வருவது இன்னும் குறைவு. எல்லோரும் அதே நாட்களுக்குத்தான் முட்டிக்கொள்கிறோம். கல்யாணம் மட்டுமா, மணிவிழா, சதாபிஷேகம், முன்னோருக்குப் போடும் படைப்பு என்று எதற்கும் ஊர் வீட்டுக்குத்தான் வருகிறோம், வருகிறவர்களில் பாதிப் பேர் சென்னை, சிங்கப்பூர், அமெரிக்காவிலிருந்து ஆறு மாதம் முன்பே திட்டமிடுகிறவர்கள். அவர்களுக்குக் கிட்டங்கி நோட்டைப் புரட்டிப் பார்க்க வழியில்லை. வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் கேள்வி பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு அடியில் போய்விடுகிறது. கடைசியில் காரியக்காரரை நன்றாகத் தெரிந்தவருக்குப் பதில் கிடைக்கிறது, தெரியாதவருக்குக் கிடைப்பதில்லை. சங்கச் சாமான் எல்லாப் புள்ளிக்கும், அதாவது வரி கட்டும் ஒவ்வொரு குடும்பத்துக்கும், பொது என்றால் இது சரியா?

எப்படிச் செய்வது என்று சொல்கிறேன். கிடாரத் தொகுதிக்கு ஒன்று, ஜெனரேட்டருக்கு ஒன்று, குளிர்பெட்டிக்கு ஒன்று என்று பெரிய சாமான்களுக்கு மட்டும் தனித்தனி காலண்டர். கரண்டி, தாம்பாளம் எல்லாம் நோட்டிலேயே இருக்கட்டும். பார்க்கிற உரிமை எல்லோருக்கும், எழுதுகிற உரிமை உங்களில் ஒருவருக்கு மட்டும். இது முக்கியம், ஏனென்றால் சாதாரண கூகுள் காலண்டர் ஒரே நாளில் இரண்டு பதிவு விழுந்தால் தடுக்காது, இரண்டையும் அருகருகே காட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடும். ஆளாளுக்கு எழுதினால் வைகாசிக் குழப்பம் அப்படியே திரும்ப வரும். கேட்பவர் கேட்கட்டும், காரியக்காரர் பார்த்துவிட்டு எழுதட்டும். எழுதும்போது மணிக் கணக்கு வேண்டாம், முழு நாளாகவே போடுங்கள். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால், மணி போட்டால் அங்கே பார்ப்பவருக்கு வேறு மணி காட்டும், முழு நாள் பதிவுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் முழு நாள் பதிவு போடும்போது கூகுள் தானாகவே அதை 'ஃப்ரீ' என்று வைத்துக்கொள்ளும், 'பிஸி' என்று மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அந்த நாள் காலியாகத் தெரியும்.

அப்புறம், விசேஷ நாளை மட்டும் அடைத்தால் போதாது. சாமான் வெளியே போகிற நாளிலிருந்து, கழுவி, எண்ணி, கிட்டங்கிக்குள் வைக்கிற நாள் வரை அடையுங்கள். திங்கட்கிழமை கல்யாணம் முடிந்த வீட்டிலிருந்து கிடாரம் புதன்கிழமைதான் திரும்பும் என்பது ஊருக்கே தெரியும், நோட்டுக்குத்தான் தெரியவில்லை. ஆடியில் கல்யாணம் இல்லாத அந்த வாரங்களை பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசவும், ஜெனரேட்டரைச் சர்வீஸ் பார்க்கவும் முன்கூட்டியே குறித்து வைத்துவிடலாம். பஞ்சாங்கம் வந்ததும் முகூர்த்த நாட்களையும் தனி நிறத்தில் ஏற்றிவிட்டால் எந்த நாளுக்கு நெருக்கடி வரும் என்று அப்போதே கண்ணில் படும்.

ஒரே ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். யார் வீட்டில் என்ன விசேஷம் என்பது வெளியே தெரியக்கூடாது. நம் ஊரில் வருஷத்தில் பெரும்பாலான நாள் பூட்டிக் கிடக்கிற வீடுகள் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும், எந்த வீட்டில் எப்போது ஆள் இருக்கும், எப்போது கிளம்புவார்கள் என்று காட்டிக் கொடுக்கிற மாதிரி ஒரு காலண்டர் தேவையில்லை. பொதுவில் பகிரும்போது பிஸியா, ஃப்ரீயா என்பதை மட்டும் காட்டு என்று ஒரு வசதி இருக்கிறது, அதைப் போடுங்கள். முழு விவரம் காரியக்காரர்களுக்கு மட்டும்.

காலண்டரை யாருடைய சொந்த மெயிலிலும் தொடங்காதீர்கள். சங்கத்தின் பேரில் ஒரு கணக்கு, பொறுப்பு மாறும்போது சாவியோடு சேர்த்துக் கடவுச்சொல்லும் மாற வேண்டும். செல்போன் பழகாத அப்பத்தாக்களுக்காக மாதா மாதம் அச்செடுத்து விடுதி வாசலில் ஒட்டலாம்.

நோட்டு இருக்கும்போது இது எதற்கு என்று பெரியவர்கள் சிலர் கேட்கிறார்கள். நோட்டை நான் விடச் சொல்லவில்லை, யார் வாங்கினார்கள், எத்தனை திரும்பியது, எது நெளிந்தது என்பதெல்லாம் கையெழுத்தோடு அதில்தான் இருக்க வேண்டும். பர்மாவிலும் மலாயாவிலும் பேரேடும் ஐந்தொகையும் பிசகாமல் எழுதிய ஊர் நம்முடையது, கணக்கை யாரும் பார்க்கலாம் என்று திறந்து வைப்பது நமக்குக் கூச்சமான காரியம் இல்லை.

ஆடிக் கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆவணி, ஐப்பசி முகூர்த்தங்களுக்கு இப்போதே நோட்டில் எழுதியிருப்பதை நானும் தெருப் பிள்ளைகள் இரண்டு பேரும் உட்கார்ந்து ஏற்றித் தருகிறோம், நோட்டை ஒரு சாயங்காலம் எங்களிடம் கொடுத்தால் போதும்.