தொடர்கதைப் பதிவு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பகுதிகளிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற ஏப்ரல் முதல் இந்த மார்ச் வரையிலான நம் எழுத்தாளர் வட்டத்தின் பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். செயற்குழுவின் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது, உறுப்பினர்கள் இணையத்தில் போடும் தொடர்கள் வாசகர் கைக்கு எந்த லட்சணத்தில் போய்ச் சேருகின்றன என்ற விஷயம்தான். கதை நன்றாக இருக்கிறதா என்பதில் செயலாளர் மூக்கை நுழைக்கவில்லை.

முதலில் தட்டச்சு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்ததை அப்படியே ஒட்டினால் வாசகர் திரையில் ஆங்கில எழுத்துகள் கொட்டிக் கிடக்கும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகும் ஒருமுறை கண்ணால் படித்தே தீர வேண்டும். இதைவிட நுட்பமான தொல்லை ஔகாரம். நாயகன் பெயர் ‘கௌதம்’. ஒரு எபியில், அதாவது அத்தியாயத்தில், சரியான ஔகாரக் குறி. அடுத்ததில் ஒற்றைக் கொம்போடு ளகரத்தைச் சேர்த்து ‘கெளதம்’. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் பெயரை மாற்ற நினைத்து ‘தேடி மாற்று’ கொடுத்தால் பாதிப் பெயர் மாறும், பாதி அப்படியே நிற்கும். சமையல் செய்துகொண்டே செயலியை வாசிக்கச் சொல்லிக் கேட்பவர்களுக்கும், பார்வையற்ற வாசகர்களுக்கும் நாயகன் ‘கெள-தம்’ ஆகிவிடுவான். ‘ஔவை’ ‘ஒளவை’ ஆவதும், கால் குறி வர வேண்டிய இடத்தில் ரகரம் உட்காருவதும் இதே இனம்தான். குரல்வழித் தட்டச்சில் லகர, ளகர, ழகரங்களும் ஒற்றுகளும் தடுமாறும். அதற்குத் தனியாக ஒரு வாசிப்பு ஒதுக்குங்கள்.

வாட்ஸ்அப்பில் எழுதி எடுத்து ஒட்டுகிறவர்கள், தடித்த எழுத்துக்காகப் போட்ட நட்சத்திரக் குறிகளைக் களைய வேண்டும். மன ஓட்டத்தைச் சாய்வெழுத்தில் போடுவது ஆங்கிலத்துக்குப் பொருந்தும். நம் எழுத்துருக்கள் பெரும்பாலானவற்றில் தனியாகச் சாய்வு வடிவம் கிடையாது. நேரெழுத்தையே இழுத்துச் சாய்ப்பதால் கொம்பும் சுழியும் மோதிக்கொள்ளும். ஒற்றை மேற்கோள் குறி போதும். அழுகைக்குப் பதினைந்து புள்ளி, கோபத்துக்கு ஆறு ஆச்சரியக்குறி என்பதையும் குறைத்துக்கொள்ளலாம். மூன்று புள்ளியிலேயே தேவையான அளவு அழலாம்.

எபியின் தலைப்பில் கதையின் பெயர், எண், எழுதியவர் பெயர் மூன்றும் வேண்டும். ஒரு எபிக்கு 1,000 முதல் 1,500 சொல் வரை என்ற அளவைக் குழு பரிந்துரைக்கிறது. 400 சொல்லில் நிறுத்தி ‘தொடரும்’ போட்டால் வாசகருக்குக் கோபம் வருவது நியாயம். விம்கோ நகரில் மெட்ரோ ஏறியவர் ஒரு எபியைத் திறந்தால், காலடிப்பேட்டை வருவதற்குள் அது தீர்ந்துவிடக் கூடாது. பத்தி 60 சொல்லைத் தாண்டினால் கைப்பேசித் திரை சுவர்போல ஆகிவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால் வார இதழ்கள் காட்டிய வழியில் மூன்று வரி முன்கதைச் சுருக்கம் கொடுங்கள். கோப்புகளுக்கு 01, 02 என்று பெயரிடுங்கள். வெறும் 1, 2 என்று வைத்தால் பல கருவிகளில் 10ஆம் எபி 2ஆவதற்கு முன்னால் போய் நின்று, தவறான எபி வெளியேறும்.

இனி, இந்த ஆண்டு அதிக மனத்தாங்கலை உண்டாக்கிய விஷயம். எழுத்துப் பிழையை வாசகர் மன்னித்துவிடுகிறார். சொல்லாமல் காணாமல் போகிறவரை மன்னிப்பதில்லை. செவ்வாய், வெள்ளி யூடி (புதிய எபி) என்று அறிவித்தால் செவ்வாய், வெள்ளி வர வேண்டும். அதற்கு ஒரே வழி, குறைந்தது ஆறு எபி கையிருப்பில் வைத்துக்கொண்டு தொடங்குவது. வாரம் இரண்டு என்றால் அது மூன்று வாரப் பாதுகாப்பு. வீட்டில் காய்ச்சல், அலுவலகத்தில் ஆண்டு முடிவு, பிள்ளைக்குப் பரீட்சை எல்லாவற்றையும் பெரும்பாலும் தாங்கும். கையிருப்பு இரண்டாகக் குறைந்த அன்றே ‘இனி வாரம் ஒன்று’ என்று அறிவித்துவிடுங்கள்; தீர்ந்தபின் அறிவிப்பது மன்னிப்புக் கடிதமாகத்தான் இருக்கும். கதையை நிறுத்துவதென்றால் காரணம் சொல்லக் கடமையில்லை, நிறுத்தியதைச் சொல்லக் கடமை உண்டு. முடிவு மனதில் இருந்தால் அதை ஒரு பக்கச் சுருக்கமாகப் போட்டுவிடுவது பெரிய மனது.

‘நூறு விருப்பம் வந்தால்தான் அடுத்த எபி’ என்ற பேரத்தைச் செயற்குழு ஒருமனதாகக் கண்டிக்கிறது. சைலன்ட் ரீடர் என்று குத்திக்காட்டுவதும் வேண்டாம். மௌனமாகப் படிப்பவரும் வாசகர்தான்.

கிண்டிலுக்குப் போகும் கதைகளுக்குத் தனிச் சிக்கல் உண்டு. மின்வடிவத்தைக் கிண்டிலுக்கு மட்டுமே தரும் திட்டமான கேடிபி செலக்டில் சேர்த்தால், அந்த 90 நாள் தவணை முழுவதும் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது. சேர்ப்பதற்கு முன்பே இலவசப் பதிவை எடுத்தாக வேண்டும். ‘இந்தத் தேதி வரை இங்கே படிக்கலாம்’ என்று பதினைந்து நாள் முன்னதாகச் சொல்லிவிட்டு எடுங்கள். பாதியில் இருப்பவரின் கையிலிருந்து ராவோடு ராவாகப் பிடுங்குவது அநாகரிகம்.

எபியின் தொடக்கத்தில் சினிமாப் பாட்டு நான்கு வரி போடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. பாடலாசிரியர் மறைந்து 60 ஆண்டு வரை காப்புரிமை உண்டு என்பது சட்டம். குறுந்தொகை இருக்கிறது, 1921இல் மறைந்த பாரதி இருக்கிறார், தாராளமாக எடுத்தாளுங்கள். நடிகர் படத்தை அட்டையாக வைப்பதும் இதே வகைதான். எடுத்த புகைப்படக்காரரின் உரிமையும் அதில் உண்டு.

வட சென்னைக் கதைகள் பற்றி ஒரு வார்த்தை. ‘கஸ்மாலம்’ சொல்லாமல் நாம் மூச்சு விடுவதில்லை என்று வெளியூர்க்காரர் எழுதுவது பழகிவிட்டது. நம் உறுப்பினர்களும் அதையே செய்வது வருத்தம். வழக்கு உரையாடலில் இருக்கட்டும், எழுதும் முறை ஒன்றாக இருக்கட்டும். ‘வந்துகினு கீறான்’ என்று தொடங்கியவர் மூன்றாம் எபியில் ‘வந்துக்கிட்டு இருக்கான்’ என்றால் ஆளே மாறிவிடுகிறார். மே மாதத்தில் காசிமேட்டு விசைப்படகு ஆழ்கடலுக்குப் போகும் காட்சி ஒன்று வந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் வலை பின்னும் வேலையோடு நிற்கும். நாயகன் கடலுக்குப் போயே ஆக வேண்டுமென்றால் ஃபைபர் படகில் அனுப்புங்கள்.

வன்முறை, பாலியல் காட்சி உள்ள எபிக்கு முதல் வரியிலேயே எச்சரிக்கை வேண்டும். தற்கொலை வரும் இடத்தில் முறையை விவரிக்காதீர்கள். எபியின் அடியில் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி-மானஸ் எண் 14416ஐச் சேருங்கள். 18 வயது நிரம்பாத பாத்திரத்தை வைத்துப் பாலியல் காட்சி எழுதுபவர் நம் உறுப்பினராக இருக்க முடியாது. இதில் விவாதத்துக்கு இடமில்லை.

கதையை அனுமதியின்றிப் பிடிஎஃப் ஆக்கிச் சுற்றவிட்ட புகார்கள் வந்தன. காப்புரிமை எழுதிய கணமே உண்டாகிறது, பதிவு கட்டாயமில்லை. விரும்பினால் ஒரு படைப்புக்கு 500 ரூபாய் கட்டணத்தில் பதியலாம். தேதி தெரியும் மூலக் கோப்பு, திருட்டுப் பிரதியின் இணைப்பு, திரைப்பிடிப்பு மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்ட பிறகே புகார் கொடுங்கள். முதலில் சண்டை போட்டால் அவர்கள் அழித்துவிட்டு வேறு பெயரில் ஏற்றுவார்கள்.

பொதுக்குழு முடிவுக்கு இரண்டு தீர்மானங்கள்: ஆறு எபி கையிருப்பு இல்லாத தொடரை வட்டத்தின் பெயரில் அறிவிப்பதில்லை, ஒவ்வொரு தொடரையும் பதிவதற்கு முன் வேறொரு உறுப்பினர் கைப்பேசியில் படித்துப் பார்க்க வேண்டும், கணினியில் அல்ல. இரண்டாவதற்கு முன்மொழிபவர் கிடைத்திருக்கிறார். முதலாவதற்கு இன்னும் ஒருவர் தேவை.

செயலாளர்