ஒரே கடை உள்ள ஊர்களின் மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மளிகை வாங்க இன்னொரு கடை வேண்டும் என்று ஊர்க் கூட்டத்தில் யாராவது எழுந்து கேட்டால், "கடை திறப்பது தனியார் முடிவு, மன்றம் என்ன செய்ய முடியும்?" என்ற பதில்தான் வழக்கமாக வருகிறது. அதில் பாதி உண்மை இருக்கிறது. எந்த நிறுவனத்தையும் நீங்கள் கையைப் பிடித்து இழுத்து வர முடியாது. ஆனால் கடை வரக்கூடிய இடம் பூட்டிக் கிடக்கிறதே, அதைத் திறக்க உங்களால் முடியும். அதைக் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரே கடையை நம்பி வாழ்வது எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. கார் வைத்திருப்பவர் வாரம் ஒருமுறை பக்கத்து ஊருக்குப் போய் வண்டி நிறைய வாங்கி வந்துவிடுவார். பஸ்ஸை நம்பியிருப்பவருக்கு இரண்டு கைகளால் எவ்வளவு தூக்க முடியுமோ அவ்வளவுதான் வாங்க முடியும். முட்டி வலி இருக்கும் பெரியவர்களுக்கு அதுவும் முடியாது. ஒவ்வாமை உள்ள குழந்தையின் தாய் ஒவ்வொரு பாக்கெட்டின் பின்பக்கத்தையும் படித்துப் பார்த்துவிட்டு, ஒத்துக்கொள்ளும் பொருள் அந்தக் கடையில் இல்லாததால் வெறும் கையோடு திரும்புகிறார். இரவு வேலை முடிந்து வருபவருக்குக் கடை மூடியிருக்கிறது. இவர்கள் யாரும் ஆடம்பரம் கேட்கவில்லை. வாடாத காய்கறி, காலாவதி ஆகாத பால், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு விலை, இவ்வளவுதான் கேட்கிறார்கள்.

இருக்கும் கடைக்காரரை நான் குறை சொல்லவில்லை. மளிகை வியாபாரத்தில் எல்லாச் செலவும் போக நிற்கும் லாபம் பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றிலிருந்து மூன்றுக்குள்தான். கூட்டம் குறைந்தால் காய்கறி விற்காமல் வாடும். வாடியதைத் தூக்கிப் போட்ட நஷ்டத்துக்குப் பயந்து அடுத்த முறை குறைவாக வாங்குவார். சரக்கு குறைந்தால் கூட்டம் இன்னும் குறையும். மொத்த வியாபாரியோ குறைந்தது இவ்வளவு எடுத்தால்தான் லாரி அனுப்புவேன் என்பார். இந்தச் சுழலிலிருந்து சிறிய கடை ஒன்று தனியாக வெளியே வருவது கடினம்.

அமெரிக்காவில் 2019-ல் வெளியான ஒரு பொருளாதார ஆய்வை நீங்கள் எடுத்துக்காட்டக்கூடும். புதிய சூப்பர் மார்க்கெட் வந்த பகுதிகளில் மக்கள் வாங்கும் உணவின் சத்து பெரிதாக மாறவில்லை என்று அந்த ஆய்வு கண்டது. உண்மைதான், அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது: பக்கத்தில் கடை இல்லாதபோதும் அந்த மக்கள் தூரத்துச் சூப்பர் மார்க்கெட்டுகளுக்குப் போய்த்தான் வாங்கிக்கொண்டிருந்தார்கள், புதுக் கடை வந்ததும் அதற்கு மாறிக்கொண்டார்கள். அப்படியென்றால் மிச்சமானது அவர்களுடைய நேரமும் வழிச்செலவும் அலைச்சலும். கூடவே, ஊரில் சம்பாதித்த பணம் ஊரிலேயே செலவாகும். ஒரு மன்றத்துக்கு இது போதாதா?

இப்போது பூட்டிய இடத்துக்கு வருகிறேன். உங்கள் ஊரிலும் ஒரு பழைய கடைக் கட்டடம் காலியாக நிற்கலாம். பெரிய வண்டி நிறுத்த இடம், சரக்கு இறக்க வசதி, குளிர்பதன அறை எல்லாம் இருந்தும் வேறு கடை ஏன் வரவில்லை என்று யோசித்திருக்கிறீர்களா? மூடிவிட்டுப் போகும் மளிகை நிறுவனம் இடத்தை விற்கும்போது, "இங்கே இத்தனை ஆண்டுகளுக்கு மளிகை விற்கக் கூடாது" என்று பத்திரத்தில் நிபந்தனை போட்டுவிடுவது பல நாடுகளில் நடக்கிறது. வாடகை வளாகங்களில் வேறு விதம். ஒரு கடைக்கு இடம் கொடுக்கும்போதே, போட்டிக் கடைக்கு இடம் தர மாட்டேன் என்று கட்டட உரிமையாளரிடம் எழுதி வாங்கிவிடுகிறார்கள். ஊரைவிட்டுப் போன கடை, போன பிறகும் ஊரின் அடுப்படியில் அதிகாரம் செலுத்துவது எனக்குக் கொஞ்சமும் நியாயமாகப் படவில்லை.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. பெரிய மளிகை நிறுவனங்கள் நிலத்தின்மேல் இப்படிப் போட்டியைத் தடுக்கும் நிபந்தனைகளைப் போடுவதைக் கட்டுப்படுத்தி, பிரிட்டனில் 2010-லேயே உத்தரவு வந்துவிட்டது. கனடாவின் போட்டி ஆணையமும் 2023-ல் மளிகைத் துறை பற்றிய தன் அறிக்கையில், இந்த நிபந்தனைகளைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று அரசுகளுக்குப் பரிந்துரைத்தது. சட்டம் செய்யும் அதிகாரம் உங்களுக்கு இல்லாமல் இருக்கலாம். ஆனால் பத்திரத்தை எடுத்துப் படிக்கலாம், உரிமையாளரைக் கூப்பிட்டுப் பேசலாம், மன்றத்தின் நிலத்தை விற்கும்போது இப்படி ஒரு நிபந்தனை அதில் ஏறாமல் பார்த்துக்கொள்ளலாம். மேலே உள்ள அரசுக்குத் தீர்மானம் போட்டு அனுப்பலாம்.

இடம் கிடைத்தும் எந்த நிறுவனமும் வரவில்லை என்றால்? அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் செயின்ட் பால் என்ற சின்ன ஊர் 1985-லிருந்து மளிகைக் கடை இல்லாமல் இருந்தது. 2008-ல் ஊர்மக்களின் வளர்ச்சிக் கழகமும் நகர நிர்வாகமும் சேர்ந்து கடை திறந்தார்கள். எல்லா இடத்திலும் இது நிலைக்கும் என்று சொல்ல மாட்டேன். புளோரிடாவின் பால்ட்வின் என்ற ஊரின் நிர்வாகம் 2019-ல் சொந்தமாகத் திறந்த கடை 2024-ல் மூடப்பட்டது. கடை நடத்துவது ஒரு தொழில், ஆர்வம் மட்டும் போதாது, மொத்தக் கொள்முதல் தெரிந்தவர் வேண்டும். அதனால்தான் எனக்குக் கூட்டுறவு முறைமேல் நம்பிக்கை அதிகம். 1844-ல் இங்கிலாந்தின் ராச்டேலில் தொழிலாளர்கள் 28 பேர் பணம் சேர்த்துத் தொடங்கிய கடையில் மாவும் சர்க்கரையும் வெண்ணெயும்போல ஒருசில சரக்குகள்தான் இருந்தன. கலப்படம் இல்லாமல் சரியான எடையில் கொடுத்தார்கள், அதுவே அவர்களுக்கு ஆள் சேர்த்தது. பக்கத்தில் உள்ள நாலைந்து சின்ன ஊர்க் கடைகள் கொள்முதலை மட்டும் சேர்ந்து செய்தால்கூட லாரிக்காரரின் குறைந்தபட்ச அளவைத் தொட்டுவிடலாம். அவர்களை ஒரு மேசையில் உட்கார வைக்க மன்றம் அழைத்தால் போதும், வருவார்கள்.

அப்புறம், கணக்கெடுப்பு நடத்தினால் கடைக்குள் நிற்பவர்களிடம் மட்டும் கேட்காதீர்கள். பஸ் நிறுத்தத்திலும், முதியோர் இல்லத்திலும், இரவு வேலை முடிந்து வரும் வழியிலும் கேளுங்கள். எங்கே வாங்குகிறீர்கள், எப்படிப் போகிறீர்கள், எது கிடைக்காமல் திரும்பினீர்கள் என்று மூன்று கேள்வி போதும். வரப்போகும் எந்த வியாபாரிக்கும் அந்தத் தாள்களைக் காட்டலாம்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. அந்தக் காலிக் கட்டடத்தின் பத்திர நகலை வாங்கி, அடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சத்தமாகப் படியுங்கள். நாங்கள் வந்து உட்கார்ந்திருப்போம்.

இப்படிக்கு,
ஒரே கடை உள்ள ஊரில் வாழும் ஒருவர்