உண்ணப்படுவது முட்டை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், முள் போர்த்த உருண்டை வடிவக் கடல்வாழ் உயிரினமான கடல் முள்ளெலிகளைப் (sea urchin) பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். பாடநூலுக்கு வெளியே தமிழில் இவ்வுயிரினத்தைப் பற்றி எழுதுவோர் அரிது என்பதால், முதலில் என் நன்றி. ஆயினும், ஜப்பானியர் 'உனி' என்ற பெயரில் விரும்பி உண்பது இதன் முட்டை என்றும், கெல்ப் எனப்படும் பெரும் பாசிக் காடுகளை அழிக்கும் இது கடலுக்கே பகை என்றும் அக்கட்டுரை கூறுவது சரியன்று. முதல் பிழையைத் திருத்தினாலே இரண்டாவதும் பெருமளவு விளங்கிவிடும்.

வெளியே முள்ளாக இருக்கும் இவ்விலங்கின் உள்ளே ஐந்து பற்களும் ஐந்து இனப்பெருக்க உறுப்புகளும் உள்ளன. உண்ணப்படுவது மஞ்சள் நிறமான அந்த உறுப்புகளே; ஆணுடையதும் பெண்ணுடையதும் வேறுபாடின்றி விற்கப்படுகின்றன. விந்தும் முட்டையும் உருவாவதற்கு முன்னர் அவ்வுறுப்பு உணவைச் சேர்த்து வைக்கும் குதிராகப் பயன்படுகிறது. முட்டை முற்றி வழியத் தொடங்கிவிட்டால் சந்தையில் அதன் மதிப்பு குறைந்துவிடும் என்பதே உண்மை. நன்கு மேய்ந்தால் குதிர் நிரம்பும்; பட்டினி கிடந்தாலோ, சேமித்ததைக் கரைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஏறக்குறைய வெற்று ஓடாகவே அது உயிர் வாழும்.

கலிபோர்னியாவின் வடகரையில் நிகழ்ந்ததை இதை மனத்தில் வைத்தே பார்க்க வேண்டும். அங்கு கடல் நீர்நாய்கள் தோலுக்காக வேட்டையாடப்பட்டு எப்போதோ மறைந்துவிட்டன; ஊதா நிற முள்ளெலிகளைத் தின்று கட்டுக்குள் வைத்திருந்தது சூரியகாந்தி நட்சத்திர மீன். 2013-இல் பரவத் தொடங்கிய கொள்ளைநோய் அதனை அப்பகுதியிலிருந்து ஏறத்தாழத் துடைத்தெறிந்தது. அந்நோய்க்கு விப்ரியோ இனப் பாக்டீரியம் ஒன்றே காரணம் என்பது 2025-இல்தான் தெரிய வந்தது. அடுத்து 2014 முதல் 2016 வரை கடல்நீர் வழக்கத்தை மீறிச் சூடானதால் கெல்ப்பின் வளர்ச்சி குன்றியது. அதுவரை பாறை இடுக்குகளில் இருந்தபடியே மிதந்து வரும் பாசித் துணுக்குகளைத் தின்றுவந்த முள்ளெலிகள், துணுக்குகள் வருவது நின்றதும் வெளியேறி, உயிருள்ள கெல்ப்பையே அரித்துத் தின்னத் தொடங்கின. சுமார் 350 கி.மீ. கரையோரத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட கெல்ப் காடு அழிந்தது. அதே பாசியை நம்பியிருந்த சிவப்பு அபலோன் நத்தைகள் பட்டினியால் மடிய, 2018-இல் அவற்றைப் பிடிப்பது நிறுத்தப்பட்டது. மேய்ந்து முடித்த முள்ளெலிகளோ சாகாமல் அங்கேயே கிடந்தன. உள்ளே ஒன்றுமில்லாதவற்றை மீனவர் எடுப்பதில்லை. அதற்குத் தெற்கே, கலிபோர்னியாவின் நடுக்கரையில் நீர்நாய்கள் இன்னும் வாழும் மான்டெரே பகுதியில்கூட, அவை எஞ்சிய கெல்ப் திட்டுகளில் உள்ள கொழுத்த முள்ளெலிகளையே தேடிச் செல்வதை ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். தரிசான பாறைகள் எளிதில் மீளாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இதே விலங்கினம் இல்லாமற்போனதால் நேர்ந்த கேட்டைக் கரீபியக் கடலில் காணலாம். 1983-இல் பனாமா கரையில் தொடங்கிய நோய், ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் அக்கடல் முழுவதும் பரவி, நீள்முள் முள்ளெலிகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் கொன்றது. ஜமைக்காவில் பாசி மேயும் மீன்கள் ஏற்கெனவே அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டிருந்ததால், மேய்ச்சலுக்கு வேறு யாரும் இல்லை. பாசி மண்டியது, புயல்களிலும் அடிபட்டிருந்த பவளப் பரப்பு 50 விழுக்காட்டுக்கு மேல் இருந்த நிலையிலிருந்து 5 விழுக்காட்டுக்கும் கீழே சரிந்தது. 2022-இல் அங்கு மீண்டும் ஒரு கொள்ளைநோய் வந்தபோது, நுண்ணிழைகளைக் கொண்ட ஓர் ஒருசெல் ஒட்டுண்ணியே காரணம் என விரைவில் கண்டறியப்பட்டது. இவ்வளவும் அறிந்த பின் இதனைப் 'பகை' என்று எப்படி அழைப்பது?

முள்ளெலி வளர்ப்பு முறையும் உணவைச் சேமிக்கும் அந்த உறுப்பை நம்பியே உள்ளது. முட்டையிலிருந்து வளர்ப்பது நெடும்பணி: மிதக்கும் இளவுயிரிகளுக்குப் பல வாரங்கள் நுண்பாசி ஊட்டி, அவை உருமாறித் தட்டுகளில் படிந்த பின், விற்பனை அளவை எட்டப் பெரும்பாலும் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். மாறாக, தரிசுப் பாறைகளில் கிடக்கும் வெற்று முள்ளெலிகளைச் சேகரித்து, தொட்டியில் இரண்டு மூன்று மாதங்கள் தீனியிட்டால் உறுப்பு நிரம்பிவிடுகிறது. ஜப்பானின் கனகாவா மாநிலத்தில், விற்பனைக்கு ஆகாத முட்டைக்கோஸ் இலைகளையே தீனியாக இடுகின்றனர். (முட்டை என்ற சொல் பொருந்தும் இடம் இது ஒன்றே போலும்!) ஆனால் ஒவ்வொன்றையும் மனிதர் மூழ்கி எடுக்க வேண்டியிருப்பதால், இதனால் கெல்ப் காடு முழுதும் மீண்டுவிடும் என்று நம்புவது மிகை என்பதே என் கருத்து.

மன்னார் வளைகுடாவிலும் இவற்றைப் பிடித்து ஏற்றுமதி செய்யலாம் என்ற கட்டுரையாளரின் யோசனை எனக்குக் கவலை தருகிறது. இதன் உறவினமான கடல் அட்டையை வரம்பின்றிப் பிடித்து, 2001-இல் அதனை, பிடிப்பதையே தடை செய்யும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கும் நிலைக்கு நாம் வந்தோம். அத்தொழிலை நம்பியிருந்த மீனவக் குடும்பங்கள் அதனால் பட்ட துன்பத்தை இராமநாதபுரம் கரையோரத்தில் யாரும் மறக்கவில்லை. நம் பவளப் பாறைகளில் எவ்வகை முள்ளெலி எத்தனை உள்ளது, அதனை எவை தின்கின்றன என்ற கணக்கெடுப்பு முதலில் நடக்கட்டும்.

படத்தின் கீழே உள்ள குறிப்பிலும் 'முட்டை' என்றே அச்சாகியிருப்பதால், அதற்கும் சேர்த்துத் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
தூத்துக்குடி.