ரோஸ் கலர் மக்: மருத்துவமனை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாக இயக்குநர் ஐயா அவர்களுக்கும் கொள்முதல் பிரிவினருக்கும்,

வணக்கம். எந்த மருத்துவமனை என்று எழுதவில்லை. படித்ததும் உங்களுக்கே தெரிந்துவிடும். மதுரையில் 17 வருடமாக ஆபரேஷன் தியேட்டரில் நிற்கும் சிஸ்டர் நான். ஆபரேஷனுக்கு முன் கை கழுவும் அதே குழாய் விஷயம்தான். சரிசெய்து தரச் சொல்லி மூன்று தடவை இன்டென்ட் (கேட்புச் சீட்டு) போட்டதும், மூன்று தடவையும் "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று திரும்பி வந்ததும் நீங்கள் அறிந்ததே.

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி நடந்தது தெரிந்திருக்காது. அவசர சிசேரியன். டாக்டரம்மா முழங்கை வரை குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி நுரையோடு நிற்கிறார். குழாய் ரெண்டு தரம் இருமிவிட்டு நின்றுபோனது. உள்ளே குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கிக்கொண்டே வருகிறது. ஆயாம்மா ஓடிப்போய் வாளியில் தண்ணீர் பிடித்து வந்து, ரோஸ் கலர் பிளாஸ்டிக் மக்கால் மொண்டு மொண்டு ஊற்றினார். "மெதுவா ஊத்துங்கம்மா, விரல்லேருந்து முழங்கைக்குப் போகணும்" என்று டாக்டரம்மா கைகளைத் தூக்கிப் பிடித்தபடியே சொன்னார். மக்கின் அடியிலிருந்து சொட்டிய தண்ணீர் அவர் விரல் நுனியில் விழுந்ததை நான் பார்த்தேன். அவரும் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து தேய்க்க ஏது நேரம்? தண்ணீர் இல்லாமலே கையில் தேய்த்துக்கொள்ளும் ஆல்கஹால் மருந்தான ஹேண்ட் ரப் ஸ்டோரில் இருந்தது. ஸ்டோர் சாவி, ஸ்டோர்காரரோடு திருமங்கலத்தில் இருந்தது.

தாயும் பிள்ளையும் நலம். அந்த ராத்திரிக்கு மீனாட்சி துணை.

ஆடி மாதம் வந்த பூக்கட்டும் பெண்ணுக்கு அப்படி அமையவில்லை. ஏழாம் நாள் தையல் வழியே சீழ். மறுபடி 12 நாள் படுக்கை. டிரெஸ்ஸிங் மாற்றும்போது கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பாள். விரலெல்லாம் நார் அறுத்த தழும்பு. பிள்ளை பாலுக்கு அழும், எழுந்து தூக்க முடியாது. தோடு அடகுக்குப் போனது. அந்தக் கிருமி நம் கையிலிருந்துதான் போனது என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. போகவில்லை என்று நீங்களும் சொல்ல முடியாது. எந்தக் கிருமி என்று பார்க்கச் சீழைக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. ஆபரேஷன் முடிந்து 30 நாள் வரை தையலைக் கவனித்து எழுதிவைக்க நம்மிடம் ஒரு நோட்டுகூட இல்லை.

"அதான் கிளவுஸ் போடுறீங்களே" என்பார்கள். ஊசி குத்திய ஓட்டை கண்ணுக்குத் தெரியாது. உள்ளே கை வியர்க்க வியர்க்க, மிஞ்சிய கிருமி மறுபடி பெருகும். தண்ணீரின் தரத்தை நம்ப முடியாத இடத்தில் ஆல்கஹால் ஹேண்ட் ரப் தேய்த்துவிட்டுக் கிளவுஸ் போடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே எழுதிவைத்துவிட்டது. பிரான்சில் ஆறு அறுவை சிகிச்சைப் பிரிவுகளில் 4,387 நோயாளிகளைக் கவனித்து 2002-ல் வெளியான ஆய்வில், ரப் தேய்த்த கைக்கு 2.44 சதவீதம் தொற்று, கழுவித் தேய்த்த கைக்கு 2.48; ரெண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். பிரஷ்ஷால் பத்து நிமிடம் உரசுவதெல்லாம் பழைய பழக்கம், தோல்தான் புண்ணாகும். (நம் பெரிய டாக்டரிடம் இதை யார் சொல்வது!)

கணக்கும் போட்டுத் தருகிறேன். ஒருவருக்கு மூன்று தடவை 5 மி.லி., ஆக 15. கேசுக்கு மூன்று பேர், நாளைக்கு ஆறு கேஸ்: 270 மி.லி. அரை லிட்டர் பாட்டில் ரெண்டு நாள்கூடத் தாங்காது. வாரத்துக்கு ஒன்று தருகிறீர்கள். தீர்ந்துவிட்டது என்று போனால், "குடிக்கிறீங்களா சிஸ்டர்?" என்று கேலி.

மே 5 கை சுகாதார தினத்துக்கு மட்டும் பேனர், கேக், உள்ளங்கையைக் காட்டிப் போட்டோ. அன்று கை கழுவும் ஸ்க்ரப் தொட்டிக்கு மேலே மூன்று புது பாட்டில். 6-ஆம் தேதி காலையில் ஒன்றையும் காணோம். வரவேற்பறையில் இருக்கும் கொரோனா காலத்துப் பெடல் ஸ்டாண்ட் மட்டும் என்றைக்கும் நிறைந்தே இருக்கிறது, வருகிற பிள்ளைகள் மிதித்து விளையாட. வைகை வறண்டாலும் அது வறளாது. சிஸ்டர் சொன்னால் புலம்பல், அதையே ஆய்வுக்கு வருகிறவர் சொன்னால் ஆலோசனை. சம்பளத்தைப் பற்றி ஆரம்பித்தால் இந்தக் காகிதம் போதாது.

மன்னிக்க வேண்டும், வேறெங்கோ போய்விட்டேன். கேட்பது இதுதான் ஐயா: ஹேண்ட் ரப் தியேட்டரிலேயே இருக்க வேண்டும், ராத்திரியும் பகலும், பூட்டில்லாமல். அது வந்தாலும் காலையில் முதல் தடவை சோப்புப் போட்டுக் கழுவித்தான் ஆகவேண்டும். அதனால் முழங்கையால் திறக்கும் அந்தக் குழாயையும் சரிசெய்து கொடுங்கள். குழாய்க்கு நாளாகும் என்றால் ஆகட்டும். ஹேண்ட் ரப்பை இன்றே கொடுக்கும்படி தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நாளை காலை ஏழரைக்கு முதல் கேஸ். வாளியில் தண்ணீர் பிடித்து மூடி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் தியேட்டர் சிஸ்டர்